மருந்தின் பெயரும் வீட்டுக்கு வர வேண்டும்

மாத்திரை வாங்கி வரும் வீடுகள் பலவற்றில் அம்மாத்திரையின் பெயர் மட்டும் வந்து சேர்வதில்லை. என்ன மருந்து உண்டீர்கள் என்று கேட்டால், காய்ச்சலுக்கு ஒரு வெள்ளை மாத்திரை, மூட்டுவலிக்கு ஒரு சிவப்பு மாத்திரை என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. கடையில் அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துத் தந்திருப்பார்கள். பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிட்டிருக்கும். பல வேளைகளில் இதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆயினும், மருந்தினால் தோலும் வாயும் கண்ணும் கொப்புளித்து உரியும் கொடிய நோய் ஒன்று உண்டு. அந்நோய் கண்டவருக்கு, தாம் உண்ட மருந்தின் பெயர் தெரியாமற்போவது உயிருக்கே கேடாக முடியலாம்.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். இத்தகைய நோயிலிருந்து மீண்ட ஒவ்வொருவரும், அதற்குக் காரணமான மருந்தின் பெயர் எழுதிய எச்சரிக்கை அட்டையுடன்தான் மருத்துவமனையை விட்டு வீடு திரும்ப வேண்டும். அதை எழுதித் தருவது மருத்துவமனையின் கடமை. கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. நோய் வராத வீடுகளிலும் உண்ணும் மருந்தின் பெயரை அறிந்து வைத்திருக்கும் வழக்கம் வேரூன்ற வேண்டும்.

தீயின்றி நேரும் தீக்காயம்

1922-ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இருவர், காய்ச்சலுடன் வாயும் கண்ணும் புண்ணாகி உடலெங்கும் தடிப்புகள் தோன்றிய இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினர். 1956-இல் ஆலன் லயல் என்னும் ஸ்காட்லாந்து தோல் மருத்துவர், வெந்நீர் கொட்டியது போல் தோல் பாளம் பாளமாக உரிந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். முதலாவது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்றும், இரண்டாவது டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்றும் பெயர் பெற்றன. இவை வெவ்வேறு நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரு நிலைகள் என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து. உடற்பரப்பில் நூற்றில் பத்துப் பங்குக்கும் குறைவாகத் தோல் உரிந்தால் முதல் நிலை. முப்பது பங்குக்கு மேல் உரிந்தால் கடைநிலை. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடைநிலையும் உண்டு. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு எனக் கொண்டு இதனைக் கணிக்கிறோம்.

சிலருடைய உடலில் ஒரு மருந்து நுழைந்ததும், உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே தோலின் அணுக்களைப் பகையென்று கருதி அழிக்கத் தொடங்குகின்றன. மேல்தோல் உயிரிழந்து அடித்தோலிலிருந்து கழன்றுவிடுகிறது. அதன் பிறகு உடலின் நீரும் வெப்பமும் வெளியேறுகின்றன. கிருமிகள் தடையின்றி நுழைகின்றன. முதல் நிலையில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். கடைநிலையில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் உயிரிழக்கும் அளவுக்கு இந்நோய் கொடியது.

அதே வேளையில் இது மிக அரிய நோய் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே இது வருகிறது. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு, மருத்துவர் தந்த மருந்தை அச்சத்தினால் எவரும் நிறுத்திவிடலாகாது. வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவோருக்கு மீண்டும் வலிப்பு வரும் ஆபத்து, இந்நோய் வரும் ஆபத்தைவிடப் பன்மடங்கு பெரிது.

எந்த மருந்துகள், எப்போது

எல்லா மருந்துகளும் ஒரே அளவில் இந்நோயை உண்டாக்குவதில்லை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசபைன், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிடோன், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், கோட்ரைமாக்சசோல் முதலிய சல்பா மருந்துகள், எச்.ஐ.வி. நோய்க்கான நெவிரபின், மெலாக்சிகாம், பைராக்சிகாம் போன்ற வலிநிவாரணிகள் ஆகியவையே உலகெங்கும் மிகுதியாகக் காரணமாகின்றன. இவை அனைத்தும் தேவையான, பயனுள்ள மருந்துகளே. தேவையின்றி உண்பதே தவறு. இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாக இருந்தது என்பதற்காக, மூட்டுவலியோ கல்லடைப்போ இல்லாதவர் தாமாகக் கடையில் அல்லோபியூரினால் வாங்கி உண்பதை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார்.

காலக்கணக்கு மிக முக்கியமானது. மருந்தைத் தொடங்கிய நான்காம் நாள் முதல் நான்காம் வாரம் வரையிலான காலத்திலேயே நோய் பெரும்பாலும் தோன்றுகிறது. சில மருந்துகளில் எட்டு வாரம் வரை செல்லலாம். பல ஆண்டுகளாக இடைவிடாமல் உண்டு வரும் மருந்து காரணமாவது அரிது. அண்மையில் புதிதாகச் சேர்ந்த மருந்தையே முதலில் ஐயுற வேண்டும்.

இங்கே குடும்பத்தினர் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. தோலில் எதுவும் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல், உடல்வலி ஆகியவை தோன்றுகின்றன. அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிப் புதிதாக இரண்டு மாத்திரைகள் வாங்கி உண்கின்றனர். மறுநாள் கொப்புளம் தோன்றியதும் பழி அந்தக் காய்ச்சல் மாத்திரையின் மீது விழுகிறது. மூன்று வாரத்துக்கு முன் தொடங்கிய உண்மைக் குற்றவாளி வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தொடர்ந்து உண்ணவும் படுகிறது. எந்த மருந்து எந்த நாளில் தொடங்கப்பட்டது என்னும் குறிப்பு கையில் இருந்தால் இந்தப் பிழை நேராது.

அம்மை என்று காத்திருக்க வேண்டா

நம் ஊர்களில் உடலில் கொப்புளம் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது அம்மை. வேப்பிலையில் படுக்க வைத்து, மஞ்சள் பூசி, மூன்று தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருப்பது பல குடும்பங்களின் மரபு. வேறு சிலர் அக்கி என்று கருதிக் காவி எழுதுகின்றனர். இன்னும் சிலர் உடற்சூடு என்று இளநீரும் மோரும் தருகின்றனர். மக்களின் நம்பிக்கையை நாங்கள் இகழவில்லை. ஆனால் இந்நோயில் இரண்டு நாள் காத்திருப்பது, அந்த இரண்டு நாளும் தோல் தொடர்ந்து உரிவதற்கு இடம் கொடுப்பதாகும்.

சின்னம்மையில் நீர்க்கொப்புளங்கள் அலை அலையாகத் தோன்றும், ஒரே உடலில் புதியனவும் காய்ந்தனவும் கலந்திருக்கும், அரிப்பே மிகுதி. மருந்தினால் வரும் இந்நோயில் அரிப்பைவிட வலியும் எரிச்சலுமே மிகுதி. தோலைத் தொட்டாலே நோயாளி துடிப்பார். நெஞ்சிலும் முகத்திலும் தொடங்கும் கருஞ்சிவப்புத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் கருமை படர்ந்து, பின்னர் கொப்புளமாகும்.

மருந்து உண்டு வரும் ஒருவருக்குப் பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த வேளை மாத்திரையை உண்ணாமல், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்:

• காய்ச்சலோடு உடலில் வலிக்கும் சிவப்புத் தடிப்புகள் அல்லது கருஞ்சிவப்புத் திட்டுகள்.
• உதடு வெடித்து இரத்தப் பொருக்குக் கட்டுதல். எச்சில் விழுங்க முடியாத அளவுக்கு வாய்ப்புண்.
• கண் சிவந்து, பீளை தள்ளி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமற்போதல்.
• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், பிறப்புறுப்பில் புண்.
• கொப்புளங்கள் தோன்றுதல். துணி உரசினாலே தோல் வழன்று வருதல்.

வலிப்பு மாத்திரை உண்பவராயின் இதில் கூடுதல் விரைவு தேவை. அதே நாளில் மாற்று மருந்து தொடங்கப்பட வேண்டும் என்பதால், நிறுத்திவிட்டு வீட்டில் இருத்தல் கூடாது. பிறப்புறுப்புப் புண்ணைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்போர் உண்டு. அப்புண் கவனிக்கப்படாவிடில் ஆறும்போது தசைகள் ஒட்டிக்கொண்டு நெடுங்காலத் துன்பம் தரும். பெண்கள் இதைத் தயங்காமல் செவிலியரிடம் கூற வேண்டும்.

வரும் வழியில் கொப்புளங்களைக் குத்தி நீரெடுக்க வேண்டா. மஞ்சள், வெண்ணெய், பற்பசை, மை எதையும் தடவ வேண்டா. தூய மெல்லிய பருத்தித் துணியால் போர்த்தி அழைத்து வாருங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்தோ நாட்டு மருந்தோ உண்டிருந்தால் அதன் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அந்தப் பை எங்களுக்குப் பல பரிசோதனைகளை விடப் பயன் தருவது.

மருந்தல்லாமல் கிருமியாலும்

கொப்புளித்து உரிவதெல்லாம் மருந்தின் குற்றம் அன்று. நுரையீரல் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமி, குறிப்பாகப் பிள்ளைகளிடமும் இளைஞரிடமும், வாயையும் கண்ணையும் இதே போலப் புண்ணாக்கும். இதில் தோலின் பாதிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இருமல் முன்னதாக இருந்திருக்கும்.

கைக்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் வரும் மற்றொன்று, ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சினால் தோல் சிவந்து, ஈரத்தாள் போல் உரியும் நோய். பெற்றோர் இதைக் கண்டு கதிகலங்குவது இயல்பே. இதில் தோலின் மிக மேலடுக்கு மட்டுமே உரிகிறது; வாயின் உட்புறம் பாதிக்கப்படுவதில்லை; உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினால் பெரும்பாலும் வடுவின்றி ஆறிவிடுகிறது. ஒன்றில் சந்தேகப்படும் மருந்தை நிறுத்த வேண்டும். மற்றொன்றில் மருந்தைத் தொடங்க வேண்டும். எது எதுவென்று வீட்டில் தீர்மானிக்க இயலாது. விரைந்து வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

மருத்துவமனையில் எதை எதிர்பார்க்கலாம்

முதல் மருத்துவம், காரணமான மருந்தை நிறுத்துவதே. எவ்வளவு விரைவில் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அடுத்தது, தீக்காயம் பட்டவரைப் போல் பேணுதல். தீவிர சிகிச்சைப் பிரிவிலோ தீக்காயப் பிரிவிலோ அறையை வெதுவெதுப்பாக வைத்து, இழந்த நீரை ஈடுசெய்து, மூக்குக் குழாய் வழியே உணவு தந்து, புண்ணில் ஒட்டாத கட்டுகளைப் போட்டு, வலியைக் குறைத்து, கிருமித்தொற்று வராமல் காப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் தூய்மைப்படுத்திய வாழையிலையையே புண்ணில் ஒட்டாத விரிப்பாகப் பயன்படுத்துகின்றனர்.

ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், நோயெதிர்ப்புப் புரத ஊசி ஆகியவற்றுள் எது சிறந்தது என்பதில் மருத்துவ உலகில் இன்னும் முழு ஒற்றுமை ஏற்படவில்லை. ஆகவே, விலையுயர்ந்த ஊசி ஒன்றைப் போட்டால் உடனே சரியாகிவிடும் என்று குடும்பத்தினர் எண்ண வேண்டா. அதைப் போடும்படி வற்புறுத்தவும் வேண்டா. கொல்கத்தாவில் சிகிச்சை பெற்று, 1998-இல் இந்நோயால் உயிரிழந்த ஒரு பெண்மணியின் வழக்கில், அளவுக்கு மிஞ்சிய ஸ்டீராய்டும் போதிய பேணுதல் இன்மையும் உச்ச நீதிமன்றத்தால் கண்டிக்கப்பட்டன. 2013-இல் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. மருத்துவர்கள் மறக்கக் கூடாத தீர்ப்பு அது. நல்ல செவிலியப் பணியே இந்நோயின் தலையாய மருந்து.

குடும்பத்தினர் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கண் மருத்துவர் பார்த்துவிட்டாரா?" தோல் சில வாரங்களில் ஆறிவிடும். கண்ணோ, முதல் சில நாள்களில் கவனிக்கப்படாவிடில், இமை கண்விழியோடு ஒட்டியும், இமைமயிர் உள்நோக்கி வளர்ந்தும், நீர் வறண்டும் பார்வையைப் பறித்துவிடும். அனுமதித்த முதல் நாளிலேயே கண் மருத்துவர் பார்ப்பதும், கடுமையான நிலையில் பனிக்குடச் சவ்வை வைத்துக் கண்ணை மூடிக் காப்பதும் பலரின் பார்வையைக் காப்பாற்றியுள்ளன.

உறவினர் கூட்டமாக வந்து பார்ப்பது நம் பண்பாட்டில் அன்பின் அடையாளம். ஆனால் தோலிழந்தவருக்கு ஒவ்வொரு கையும் ஒரு கிருமி வழி. ஒருவர் மட்டும் உடனிருந்து, மற்றோர் தொலைபேசியில் நலம் விசாரிப்பதே உண்மையான உதவி.

அட்டை ஏன்?

இனி எங்கள் வாதத்துக்கு வருகிறோம். இந்நோயிலிருந்து மீண்டவர் அதே மருந்தை மறுபடி உண்டால், இம்முறை வாரங்கள் ஆகா. ஓரிரு நாளிலேயே, சில வேளை சில மணி நேரத்திலேயே, முன்னிலும் கடுமையாக நோய் திரும்பலாம். முதல் முறை நேர்ந்ததை எவராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. இரண்டாம் முறை நேர்வதோ முற்றிலும் தடுக்கக்கூடியது.

இதற்குத் தடையாக இருப்பது பெயர்க்குழப்பம். நம் நாட்டில் ஒரே மருந்து பல நிறுவனங்களால் பற்பல வணிகப்பெயர்களில் விற்கப்படுகிறது. ஒரு வணிகப்பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், வேறு பெயரில் அதே மருந்தை அறியாமலே உண்டுவிடலாம். எனவே அட்டையில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் கொண்டுவந்த விதித்திருத்தமும், மருந்துகளைப் பொதுப்பெயரால், தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்றே கூறுகிறது. அதனுடன், உறவுடைய மருந்துகளையும் அட்டையில் குறிக்க வேண்டும். கார்பமாசபைனால் பாதிக்கப்பட்டவருக்கு ஃபெனிடோயினும் ஃபீனோபார்பிடோனும் கூடத் தீங்காகலாம். மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரி, குடும்பத்தினருக்குத் தமிழில் ஒரு வரி, நோய் வந்த மாதமும் ஆண்டும், மருத்துவமனையின் தொலைபேசி எண்: இவை போதும்.

சிகிச்சைச் சுருக்கத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அச்சுருக்கம் பல பக்கம் கொண்டது. பீரோவில் கோப்புக்குள் உறங்குவது. நள்ளிரவில் வேறோர் ஊரில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்பவரின் சட்டைப்பையில் அது இருக்காது. அடையாள அட்டையோடு சேர்ந்து கிடக்கும் சிறு அட்டையே அங்கு பேசும். தாய்லாந்தில் மருத்துவமனை மருந்தாளுநர்கள் இத்தகைய ஒவ்வாமை அட்டையை நோயாளிகளுக்குத் தருவது நிலைபெற்ற வழக்கமாகும்.

மருந்தின் தீமையைப் பற்றிப் பேசினால் மக்கள் மருந்தையே வெறுத்துவிடுவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. எங்கள் கருத்து இதற்கு மாறானது. எந்த மருந்து என்று தெரியாதவரே எல்லா மருந்தையும் அஞ்சுகிறார். 'ஆங்கில மருந்தே எனக்கு ஆகாது' என்று கூறி இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை நோய் மருந்தையும் கைவிடுகிறார். ஒரே ஒரு பெயரைத் தெளிவாக எழுதித் தந்துவிட்டால், மற்ற மருந்துகளை அவர் துணிவோடு உண்ணலாம். அட்டை அச்சத்தை வளர்ப்பதன்று, அதற்கு எல்லை வகுப்பது.

மரபணுப் பரிசோதனையே தீர்வாகாதா என்றும் கேட்கப்படுகிறது. கார்பமாசபைனால் வரும் இந்நோய்க்கும் எச்.எல்.ஏ. பி 15:02 என்னும் மரபணு வகைக்கும் உள்ள வலுவான தொடர்பைத் தைவான் ஆய்வாளர்கள் 2004-இல் கண்டறிந்தனர். சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினர் புதிதாக இம்மருந்தைத் தொடங்கும் முன் இப்பரிசோதனை செய்வது நிலையான நடைமுறை. நம் நாட்டிலும் வாய்ப்புள்ள இடங்களில் இதை மேற்கொள்வதை வரவேற்கிறோம். ஆனால் இப்பரிசோதனை எல்லா மருந்துக்கும் பொருந்தாது; எல்லா ஊருக்கும் இன்னும் எட்டவில்லை. அட்டைக்கு வேண்டியது ஒரு துண்டுத் தாளும் எழுதும் மனமும் மட்டுமே.

நாங்கள் வேண்டுவது

மருந்துக்கடையில் மாத்திரையைக் கத்தரித்துத் தந்தால் பெயருள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இயலாவிடில் பில்லையாவது பத்திரப்படுத்துங்கள். புதிய மருந்து தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டில் எவருக்கேனும் முன்பு ஒரு மாத்திரையால் தடிப்போ கொப்புளமோ வந்திருந்தால், மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை மாத்திரை உண்டதும் அதே இடத்தில் கருந்திட்டு தோன்றுமாயின் அதுவும் மருந்தின் வேலையே; அதையும் சொல்லுங்கள். லாமோட்ரிஜின் போன்ற மருந்து சில நாள் விட்டுப்போனால், மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்க வேண்டா. ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குத் தர வேண்டா.

மருந்தின் தீவிளைவை நடுவண் அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிப்பது மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் நோயாளியும் குடும்பத்தினரும் நேரடியாகவே தெரிவிக்கலாம். ஒருவர் பட்ட துன்பம் அங்கே பதிவாகும்போது பின்னர் வரும் பலருக்கு அது எச்சரிக்கையாகிறது.

நோய் தீர்ந்து வீடு திரும்பும் நாளில், மருந்துகளையும் பில்லையும் சரிபார்ப்பதோடு, "இவருக்கு ஆகாத மருந்தின் பெயரை எழுதித் தாருங்கள்" என்றும் கேளுங்கள். அது கையில் கிடைக்கும் வரை படுக்கையை விட்டு எழ வேண்டா என்றே கூறுவோம். கிடைத்ததும் ஒரு படி நோயாளியின் பையிலும், ஒரு படி வீட்டுப் பெரியவரிடமும், ஒரு படம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இருக்கட்டும். நோயாளி பேச முடியாத நிலையில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டால், அவருக்காகப் பேசப்போவது அந்த ஒற்றைப் பெயரே.